கரண்ட் வைத்த பிறகும் கொழுப்பு மாத்திரை வேண்டுமா?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆந்திர மகிள சபாவைத் தாண்டினால் திரு.வி.க. பாலம். ஆற்றுக்கு அக்கரையில் காந்தி நகர். இதய சிகிச்சைக்குப் பேர்போன மலர் மருத்துவமனையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அங்கே நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1957-லேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்துவிட்ட இடம் அது. இதய நோயாளி, புற்றுநோயாளி இருவரும் மருந்துச் சீட்டோடு வந்து நிற்கும் வட்டாரம்.

பாலத்துக்கு இக்கரையில் ஒரு மருந்துக்கடை. கையில் தடித்த ஃபைலுடன் வந்த அம்மா, சீட்டை நீட்டியபடி சொன்னார்: "தம்பி, இதுல கொழுப்பு மாத்திரைய மட்டும் விட்டுடுங்க. மார்புல கரண்ட் வைக்கிறாங்க. அது முடியட்டும்."

"சர்க்கரை இருக்காம்மா உங்களுக்கு?"

"பத்து வருஷமா இருக்கு."

"அப்ப டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க."

கடைக்காரர் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. அந்த அம்மா 'கரண்ட்' என்றது கதிர்வீச்சு சிகிச்சையை. மார்பகம், நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுக்கும் சிலவகை நிணநீர்ப் புற்றுக்கும் மார்பில் கதிர்வீச்சு தரும்போது, அதில் ஒரு பங்கு இதயத்திலும் விழுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்பட்டு, அழற்சி ஏற்பட்டு, மெல்ல அடைப்பு வளர்கிறது. இடது மார்பகம் என்றால் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் கதிரின் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. ஸ்வீடன், டென்மார்க் பெண்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வின்படி, இதயம் வாங்கும் சராசரிக் கதிர்வீச்சு ஒரு 'கிரே' (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடும்போது மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. முதல் ஐந்தாண்டுக்குள் தொடங்கும் இந்த ஆபத்து இருபது ஆண்டுகளுக்காவது நீடிக்கிறது.

கதிர்வீச்சால் கூடும் இந்த ஆபத்தை வட்டி என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் அசல். அசல் பெரிதானால் அதே வட்டி விகிதத்திலும் கடன் ஏறும். ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை குறைப்பது அந்த அசலை.

வட்டியைக் குறைக்கும் வேலை கதிர்வீச்சு அறையில் நடக்கிறது. நகரில் ஒரு மையத்தில் அதைப் பார்த்தேன். கைகளைத் தலைக்கு மேல் வைத்து நோயாளி படுத்திருக்க, ஒலிபெருக்கியில் குரல் வருகிறது: "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சுக்குங்க." நுரையீரல் விரிந்ததும் இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகுகிறது. அந்தச் சில நொடிகளில் மட்டும் கதிர் பாய்கிறது. மூச்சு விட்டால் கதிர் நிற்கிறது.

அப்படியானால் மார்பில் கதிர்வீச்சு பெறும் எல்லோருக்கும் ஸ்டாட்டின் கொடுத்துவிடலாமா? அதற்கான சான்று இன்னும் போதாது. கனடாவில் மார்பு, கழுத்து, தலைப் பகுதிகளில் கதிர்வீச்சு பெற்றவர்களின் பதிவுகளை அலசி 2019-ல் வந்த ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் பக்கவாதம் 32 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இது பழைய பதிவுகளிலிருந்து எடுத்த கணக்கு. மாத்திரையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. நிணநீர்ப் புற்றுக்கு ஆந்த்ராசைக்ளின் என்ற கீமோ மருந்து பெற்ற 300 பேரிடம் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைச் சோதித்தபோது, இதயத்தின் பம்ப் திறன் கணிசமாகக் குறைந்தவர்கள் 9 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 22 சதவீதம். அது 2023-ல் வெளியானது. ஆனால் அது கீமோ பற்றிய சோதனை, கதிர்வீச்சு பற்றியது அல்ல.

ஆகவே சர்க்கரை, பழைய மாரடைப்பு, அதிகக் கொழுப்பு என்று ஏற்கெனவே காரணம் உள்ளவர்கள் புற்றுநோய் வந்ததற்காக மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மற்றவர்கள் தாங்களாகத் தொடங்கவும் கூடாது; சில புற்றுநோய் மருந்துகளோடு சேர்ந்தால் ஸ்டாட்டின் தசைகளைப் பாதிக்கலாம். முடிவைப் புற்றுநோய் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து எடுக்கட்டும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே, இதயத்துக்குச் சராசரியாக எவ்வளவு. பத்தாண்டு கழித்து நெஞ்சு வலிக்காகப் போனாலும் இதய மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.