உப்புக்கும் உழவுக்கும் நடுவே ஒரு கதவு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் மரக்காணம் உப்பளங்களுக்கு நல்ல காலம். பாத்தியில் நிற்கும் உவர்நீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்கும். விடியும் முன்பே ஆணும் பெண்ணும் பலகையோடு இறங்கி அதை வாரிக் குவிப்பார்கள். மழை ஒரு நாள் தப்பிப் பெய்தாலும் அவர்கள் உழைப்பு கரைந்துவிடும்.

அதே பங்குனியில், உப்பளத்துக்கு மேற்கே நெல்லும் மணிலாவும் போட்டிருக்கும் விவசாயி, மோட்டார் போட்டதும் முதல் கைத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். கரித்தால் அவர் முகம் வாடிவிடும். ஒருவருக்கு விளைச்சலாக இருக்கும் உப்பே இன்னொருவருக்கு நஷ்டம். இரண்டு பேரும் ஒரே ஊர். சில வீடுகளில் அண்ணன் உப்பளத்துக்குப் போவார், தம்பி ஏர் பிடிப்பார்.

இருவருக்கும் நடுவில் கழுவேலி கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சுற்றுப்பட்டு ஏரிகளின் உபரிநீர் எல்லாம் இதில் வந்து சேரும். மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கியதும் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல தண்ணீர், சித்திரையில் உவர்நீர். 2021-இல் இது பறவைகள் சரணாலயமாகவும் ஆனது. கடலோர ஊர்களில் விவசாயிகள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மழைத்தண்ணீர் இவ்வளவும் கடலுக்குப் போகிறது, எங்கள் கிணறு மட்டும் ஏன் உப்பாகிறது?"

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு தமிழ்ப் பொறியாளர், பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் இருந்தார். அவர் பெயர் சண்முகம் ஆறுமுகம். 1905-இல் பிறந்தவர். இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றியவர். அவர் கதை கழுவேலிக் கரையில் உள்ளவர்களுக்கு அயலூர்க் கதையாகத் தோன்றாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. நம்மைப் போலவே அவர்களுக்கும் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். பெய்த மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியில் பரவி நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் அந்தக் கிணற்று நீரை நம்பித்தான்.

நல்ல தண்ணீர் கடல்நீரைவிடக் கொஞ்சம் எடை குறைவு. அதனால்தான் மிதக்கிறது. நீரியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் நிற்கும். இதையே திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி வரை ஏறி வரும். துலா கட்டி இறைத்த காலத்தில் மனிதன் களைத்ததும் கிணறும் ஓய்ந்தது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கடலோரக் கிணறுகள் உப்பாவதன் முதல் காரணம் இதுதான். சுண்ணாம்புக்கல்லுக்கும் மரக்காணத்து மணலுக்கும் இந்தக் கணக்கு பொது.

ஆறுமுகம் இதற்குக் கண்ட வழி, ஆறு இல்லாத நாட்டுக்கு ஒரு ஆற்றை உண்டாக்குவது. 1954-இல் அவர் வைத்த திட்டத்தின் பெயரே 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு'. குடாநாட்டுக்குத் தெற்கே வன்னிப் பகுதியிலிருந்து கனகராயன் ஆறும் வேறு சில சிற்றாறுகளும் வடக்கு நோக்கி ஓடி, ஆனையிறவுக் களப்பில் விழுகின்றன. களப்பு என்றால் கடலோடு வாய் திறந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு. நம் கழுவேலி போன்றது. அங்கே வந்த வெள்ளம் கிழக்கே சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போய்விடும். இந்த நீரைத் தடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் டச்சுக்காரர் காலத்திலேயே இருந்தது. ஆறுமுகம் அதைக் கட்டக்கூடிய திட்டமாக வகுத்தார்.

ஆனையிறவில் சாலையும் ரயில்பாதையும் செல்லும் இடத்தில் மேற்கே உள்ள திறப்புகளை அடைக்க வேண்டும். கிழக்கே சுண்டிக்குளத்தில் கரை கட்டி, வெள்ளம் வழிய ஒரு கலிங்கல் வைக்க வேண்டும். இரண்டும் முடிந்தால் ஆனையிறவுக் களப்பு ஒரு பெரிய ஏரி ஆகிவிடும். அங்கிருந்து முள்ளியானில் சுமார் 4 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடமராட்சிக் களப்புக்கும், அதிலிருந்து உப்பாற்றுக் களப்புக்கும் போகும். அவை இரண்டும் கடலில் திறக்கும் இடங்களான தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணை வேண்டும். மழைக்காலத்தில் பழைய உப்புநீரை வெளியே விட்டு, மழை முடியும் தறுவாயில் கதவை மூடி நல்ல தண்ணீரை நிறுத்த வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இப்படிக் கழுவினால் களப்பின் உப்பு குறையும். சுற்றியுள்ள கிணறுகளிலும் நல்ல தண்ணீர் ஊறும்.

களர் நிலத்தைத் திருத்திய விவசாயிக்கு இது புதிதல்ல. வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்றுகிறோமே, அதே வேலைதான். அவர் அதை ஒரு வயலுக்குப் பதில் ஒரு நாட்டுக்குச் செய்ய நினைத்தார்.

1950-களில் வேலைகள் நடந்தன. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் எழுந்தன. முள்ளியான் வாய்க்காலிலும் ஒரு பகுதி வெட்டப்பட்டது. கதவுகள் ஒழுங்காக இயங்கிய ஆண்டுகளில் களப்பை ஒட்டிய நிலங்களில் உப்பு குறைந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. பிறகு பணம் நின்றது. வாய்க்காலின் மிச்ச வேலை முடியாமலே கிடந்தது. சுண்டிக்குளத்துக் கரையை வெள்ளம் உடைத்தது. பராமரிப்பு இல்லாத கதவுகளின் இடுக்கு வழியே கடல்நீர் மறுபடி உள்ளே வந்தது. அதற்குப் பின் நீண்ட போர் வந்தது. கதவைப் பற்றி நினைக்க யாருக்கும் முடியவில்லை.

திட்டத்தை எல்லோரும் வாழ்த்தி வரவேற்றார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனையிறவு உப்பளத்துக்குப் பேர்போன இடம். களப்பில் இறால் பிடித்துப் பிழைப்பவர்களும் உண்டு. நீர் இனித்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது? நியாயமான கேள்வி. மரக்காணத்திலும் இதே கேள்வி எழும்; எழ வேண்டும். உப்பளத் தொழிலாளியையும் மீனவரையும் உட்கார வைத்துப் பேசாமல் போடுகிற கதவை, என்றைக்காவது ஓர் இரவில் யாராவது திறந்துவிடுவார்கள்.

கனவு கண்ட வாய்க்கால் 4 கிலோமீட்டர்கூட முடியாமல் நின்றுபோனால் ஒரு பொறியாளர் என்ன செய்வார்? ஆறுமுகம் கசந்து உட்கார்ந்துவிடவில்லை. இலங்கையின் நீர்வளம் முழுவதையும், குளங்களையும் பாசனத் திட்டங்களையும் தொகுத்து எழுதினார். 1969-இல் அது நூலாக வந்தது. அடுத்து இலங்கையின் பழைய இந்துக் கோயில்களைப் பற்றி எழுதினார். பின்னர் இலங்கைத் தமிழர்களில் குறிப்பிடத்தக்கவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டத் தொடங்கினார். அந்த அகராதி 1997-இல் வெளிவந்தபோது அவர் வயது 90-ஐத் தாண்டியிருந்தது. குளம், கோயில், மனிதர்கள் என்று வரிசையாக எழுதி வைத்தார். ஊர்கள் இடம்பெயர்ந்து குடும்பங்கள் சிதறிய காலத்தில், எண்ணி எழுதி வைப்பதும் கரை கட்டுவதுபோல ஒரு காவல் வேலைதான்.

அவர் மகனும் பொறியாளர். தந்தையின் திட்டம் மறந்துபோகாதபடி அதைப் பற்றி விளக்கி எழுதியிருக்கிறார். அப்பன் பாதியில் விட்ட வரப்பை மகன் மண் அணைப்பது விவசாயக் குடும்பங்களில் வழக்கம். அந்த வீட்டில் அது எழுத்தில் நடந்தது. இதற்கிடையே யாழ்ப்பாணத்தின் குடிநீருக்காக, வடமராட்சிக் கிழக்கில் தாளையடி என்ற ஊரில், கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை 2024-இல் திறக்கப்பட்டது. மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கும் வேலை அங்கே நடக்கிறது. மழைநீரோ முன்போலவே கடலுக்குப் போகிறது.

கழுவேலிக் கரையில் உள்ளவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சில உண்டு. பெரிய அணைக்குக் காத்திருக்க வேண்டாம். நம் ஊர் ஏரியில் நிற்கும் ஒவ்வொரு அடி தண்ணீரும் நிலத்தடியில் இறங்கி, கடல்நீரை எதிர்த்து நிற்கும் பாரம். ஏரியைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்து, மதகுப் பலகை ஒழுகாமல் பார்த்துக்கொண்டாலே கிணற்றுக்குப் பாதி வைத்தியம் ஆகிவிடும். நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டினால் இன்னும் நல்லது.

கிணறு கரிக்கத் தொடங்கினால் போரை இன்னும் ஆழப்படுத்தாதீர்கள். கடலோரத்தில் அது உப்பைத் தேடிப் போவது. மேல்மட்ட நீரையே கொஞ்ச நேரம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். பக்கத்துக் கிணற்றுக்காரரோடு முறை வைத்துக்கொள்ளலாம். மழை முடிந்த தை மாதத்தில் ஒருமுறை, கோடையின் உச்சத்தில் ஒருமுறை பாசன நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மின் கடத்துத்திறன் 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் 2.25 வரை நல்ல வடிகாலும் உப்பைத் தாங்கும் பயிரும் தேவை. 2.25-ஐத் தாண்டினால் அந்த நீரை மட்டும் நம்பிப் பயிர் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் உங்கள் கிணறு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். கிராம சபையில் பேசும்போதும் அந்த நோட்டுக்கு எடை உண்டு.

ஆறுமுகத்தின் கதவணைகள் கெட்டது வரைபடத்தில் பிழை இருந்ததால் அல்ல. மழை முடியும் வாரத்தில் கதவை மூட வேண்டும், பழுதைப் பார்க்க வேண்டும், அடுத்த ஆண்டும் அதையே செய்ய வேண்டும். பொறியாளர் கட்டிக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். கதவின் சாவி ஊரிலேயே இருக்கும். அது யார் கையில் என்று, அடுத்த மழைக்கு முன்பே உங்கள் ஊர் ஏரிக்கரையில் கூடிப் பேசி முடிவு செய்துவிடுங்கள்.