கபிலையில் மாலை பொறுக்கும் நாய்

நஞ்சன்கூடு படித்துறையில் நாய்களுக்குப் பஞ்சமில்லை. மொட்டையடித்து ஆற்றில் முழுகிவிட்டு ஸ்ரீகண்டேஸ்வரரைப் பார்க்கப் போகிறவர்கள் போடும் தேங்காய்ச் சில்லு, புளியோதரை, பழம் என்று அவற்றின் பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் கபிலைக் கரையிலேயே பிறந்து வளர்ந்த அந்த நாய்களில் ஒன்றுகூட நீந்தி விளையாடி நான் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் கடைசிப் படிக்கு இறங்கும். நாலு வாய் நக்கிக் குடிக்கும். மிஞ்சிப்போனால் வயிறு நனையும் அளவுக்கு நிற்கும், அவ்வளவுதான்.

அதே படித்துறைக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மைசூரிலிருந்து ஒரு ஆம்னி வேன் வருகிறது. கதவைத் திறந்ததும் வெளிர் மஞ்சள் லாப்ரடார் ஒன்று இறங்கி, படிகளில் காலே படாததுபோல் ஓடிப்போய், பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் ஆற்றில் விழும். விழுந்தபின் அது சும்மா நீந்துவதில்லை. மிதக்கிற எதையும் விடாது. வாழை மட்டை, ஒற்றைச் செருப்பு, சோப்பு உறை, எல்லாம் கரையேறும். மிகவும் பிடித்தது மாலை. ஒரு பாட்டி கும்பிட்டு ஆற்றில் விட்ட சாமந்தி மாலையை அது கவ்விக்கொண்டு வந்து, நேராக அவர் காலடியிலேயே வைத்தது. பாட்டி கன்னடத்தில் திட்டினார். இரண்டாம் முறை விட்டார். இரண்டாம் முறையும் மாலை திரும்பி வந்தது.

நாயின் சொந்தக்காரர் சாம்ராஜ்நகர் பக்கத்துத் தமிழர். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “நான் ஒண்ணும் பழக்கல சார். நாலு மாசக் குட்டியா இருக்கறப்பவே தண்ணி வெச்ச கிண்ணத்துல கால விட்டுக் கலக்குவான். மழ பெஞ்சா வாசல்ல தேங்குன தண்ணில போய்ப் படுத்துக்குவான். இவனுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தது?”

யார் சொல்லிக்கொடுத்தது என்பது நல்ல கேள்வி. கைக்கெட்டும் தூரத்திலிருந்தே தேடத் தொடங்கினேன்.

நஞ்சன்கூடு கோயில் பிராகாரத்தில் நாயன்மார் அறுபத்துமூவரும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் வேட்டைக்காரர் கண்ணப்பர். வாயில் தண்ணீர் ஏந்திவந்து இறைவனுக்கு முழுக்காட்டிய கதை அவருடையது. அவருடைய நாய்களுக்குப் பன்றி துரத்தும் வேலை மட்டும்தான். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் வரும் நாய்களும் அப்படியே. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு நாய்க்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்த 949-ஆம் ஆண்டை ஒட்டியது அது. போரில் வீரம் காட்டிய மணலேரனிடம் கங்க மன்னன் பூதுகன் என்ன வேண்டும் என்று கேட்க, ஊரோ பொன்னோ கேட்காமல் ‘காளி’ என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். பிறகு அந்தக் காளியும் ஒரு காட்டுப்பன்றியும் மோதி இரண்டும் செத்தன. கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் ‘கோவிவன்’ என்ற நாய் எசமானுக்குப் பக்கத்தில் நிற்கிறது. காவலுக்கு ஒரு நாய், வேட்டைக்கு ஒரு நாய். ஆற்றில் இறங்கிப் பேர் வாங்கிய நாய் எதையும் இந்தக் கற்களில் நான் காணவில்லை.

அதில் வியப்பில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, வடகர்நாடகத்து முதோள் என்று தென்னாட்டில் பேர்போன வேட்டைநாய்கள் எல்லாம் கரிசலிலும் பொட்டலிலும் முயலும் காட்டுப்பன்றியும் விரட்ட வளர்ந்தவை. விலா எலும்பு தெரியும் உடம்பு, ஒட்டிய குட்டை மயிர், நீண்ட கால். ஓட்டத்துக்கு இதைவிட நல்ல உடம்பு கிடையாது. தண்ணீரில் மிதக்கக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், குளிர் தாங்க உள்மயிர் வேண்டும். இவற்றிடம் இரண்டும் குறைவு.

அதற்காக நம் நாய்களுக்கு நீந்தத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கபிலையின் மேற்பக்கத்துக் கபினி அணையில் தண்ணீர் திறந்துவிட்ட ஒரு மழைக்காலத்தில், படிகளுக்கு அப்பால் மேட்டில் மாட்டிக்கொண்ட ஒரு தெருநாய் ஆற்றின் ஓரத்தைக் கடந்து வந்ததை நானே பார்த்தேன். மூக்கை உயர்த்தி, காதைப் பின்னுக்கு ஒட்டி, பிசகில்லாமல் வந்தது. கரையேறியதும் உதறிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் ஃபிஷ் என்ற ஆய்வாளர் (நீச்சலை ஆராய்கிறவருக்குப் பேர் அப்படி வாய்த்திருக்கிறது) யார்க்‌ஷயர் டெரியர் என்ற கைக்கடக்கமான நாயிலிருந்து பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய்வரை நீந்தவிட்டு, தண்ணீருக்கு அடியில் படம் எடுத்தார். 2014-இல் வெளியிட்ட முடிவு: எல்லா நாயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நீந்துகிறது. தரையில் நாய் துள்ளுநடை போடும்போது முன் வலக்காலும் பின் இடக்காலும் ஒன்றாக எழும் அல்லவா, அதையேதான் தண்ணீரிலும் செய்கிறது. நீச்சல் அதற்குத் தனி வித்தை இல்லை. நடையை ஆற்றுக்குள் கொண்டுபோகிறது.

ஆகவே லாப்ரடாரிடம் கூடுதலாக இருப்பது நீந்தும் திறமை இல்லை, ஆசை. ஆசை எங்கிருந்து வந்தது?

அதைக் கேட்டுக்கொண்டு ஹெடியாலாவுக்குப் போனேன். நஞ்சன்கூடு தாலூகாவின் கடைசி ஓரம், பந்திப்பூர் புலிகள் காப்பகம் தொடங்கும் இடம். வாட்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செந்நாய்களைப் பற்றிச் சொன்னார். கன்னடத்தில் அவற்றுக்குச் சீளுநாயி என்று பேர். புள்ளிமானைத் துரத்தி ஏரிக்குள் இறக்கிவிடுமாம். மான் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்க, நாலைந்து கரையைச் சுற்றி உட்கார, மற்றவை நீந்திப் போகும். அவசரமே படாது என்றார். வயிறு நிரம்பியதும் நேரே தண்ணீருக்குப் போய்க் குடிக்கும், ஆழமில்லாத குட்டையில் சப்பணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும், குளிர்காலக் காலையிலும் உட்காரும், குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளித்து விளையாடும்.

அவர் கண்ணால் கண்டது நூல்களிலும் இருக்கிறது. பந்திப்பூர்ச் செந்நாய்களை முதலில் முறையாக ஆராய்ந்தவர் நம் நாங்குநேரிக்காரர், ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் 1976 முதல் 1978 வரை இந்தக் காட்டில் அவற்றின் பின்னாலேயே நடந்தார். பெரிய காட்டுவிலங்கு ஒன்றை அதன் இடத்திலேயே வைத்து ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். 2024-இல் காலமானார். மைசூரின் கிருபாகரும் சேனானியும் இதே விலங்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார்கள்.

செந்நாய் நம் வீட்டு நாய்க்குப் பாட்டன் இல்லை. அது வேறு கிளை, நாய் ஓநாயிலிருந்து வந்தது. கனடாவின் மேற்குக் கரையில் மீனும் கடற்பிராணிகளும் தின்று வாழும் ஓநாய்கள் தீவுக்குத் தீவு பல கிலோமீட்டர் கடலை நீந்திக் கடக்கின்றன. ஆக இந்தக் குடும்பத்துக்கே தண்ணீர் அந்நியம் இல்லை. தண்ணீருக்குள் ஏதாவது இருந்தால் இறங்கும். கோயில் நாய்க்கு வேண்டியது எல்லாம் படியிலேயே கிடைக்கிறது. அது ஏன் நனைய வேண்டும்?

லாப்ரடாருக்கோ தண்ணீருக்குள் எப்போதும் ஏதோ இருந்திருக்கிறது. அதன் பேரில் லாப்ரடார் இருந்தாலும் ஊர் அதுவல்ல. பக்கத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்து. 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே போர்த்துகீசியரும் பாஸ்க்குகளும் ஆங்கிலேயரும் காட் மீன் பிடிக்கக் கப்பல் கப்பலாகப் போன இடம். அவர்கள் கொண்டுபோன பலவகை நாய்கள் கலந்து, மீனவக் குடிகளிடம் ஒரு சின்னக் கறுப்பு நாய் உருவானது. செயின்ட் ஜான்ஸ் நாய் என்றார்கள். படகிலிருந்து கரைக்குக் கயிற்றைக் கவ்விக் கொண்டுவருவது, வலை மிதவையை இழுப்பது, தூண்டிலிலிருந்து நழுவி மிதக்கும் மீனைப் பாய்ந்து பிடிப்பது, இதெல்லாம் அதன் வேலை. மீன் நழுவினால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போகும். நழுவியதைக் கொண்டுவரும் நாய்க்குச் சோறு. கொண்டுவராத நாயை அந்தக் குளிரில் யார் வைத்துத் தீனி போடுவார்கள்? பல தலைமுறை இப்படிப் பொறுக்கியெடுத்த பிறகு, மிதப்பதைக் கண்டால் கால் நிற்காத ஒரு நாய் மிஞ்சியது.

மயிரும் அப்படிப் பொறுக்கியெடுத்ததுதான். 1822-இல் தீவைக் குறுக்கே நடந்து கடந்த வில்லியம் கார்மாக், அங்குள்ளவர்கள் குட்டை மயிர் நாயையே விரும்பினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். நீள மயிரில் பனிக்கட்டி சடைசடையாகத் தொங்குமாம். படித்துறையில் வேன்காரர் அனுமதியோடு அந்த மஞ்சள் நாயின் முதுகில் விரலை நுழைத்துப் பார்த்தேன். மேல்மயிர் சொரசொரப்பாக, பிசுக்கென்று எண்ணெய்ப் பதம். அதற்கடியில் பஞ்சுபோல் இன்னொரு மயிர். தண்ணீரில் ஊறிவிட்டுக் கரையேறிச் சில நொடிகளே ஆகியிருந்தும் அடித்தோல் காய்ந்தே இருந்தது. வால் அடியில் தடித்து நுனியில் ஒடுங்கி, ஆற்றில் திரும்பும்போதெல்லாம் சுக்கான் மாதிரி ஒருபக்கம் சாய்ந்தது.

மீனவனின் நாய் எப்படிப் பிரபுக்களின் நாய் ஆனது என்பது சுவையான கதை. நியூஃபவுண்ட்லாந்து மீன் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் வந்து இறங்கும். பக்கத்தில் ஹெரன் கோர்ட் மாளிகை, அதைச் சுற்றிச் சதுப்பும் வாத்தும். சுட்ட வாத்து தண்ணீரில் விழுந்துவிடும், எடுக்க ஆள் இறங்க வேண்டும். மாளிகைக்குரிய மால்ம்ஸ்பரி பிரபு, மீன்கப்பல் நாய்கள் தண்ணீரில் விளையாடுவதைப் பார்த்துச் சிலவற்றை வாங்கிக்கொண்டார். மீனுக்குப் பதில் வாத்து, நாய்க்கு அதில் என்ன வேறுபாடு? 1880-களில் அவருடைய மகன் ஸ்காட்லாந்தின் பக்லூ கோமகனுக்கு நெட், ஏவன் என்ற நாய்களைக் கொடுத்தார். இன்றைய லாப்ரடார் வம்சத்தில் பெரும்பகுதி அந்த வளர்ப்பிலிருந்து வருவது. 1903-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அது மைசூர் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது நமக்குத் தெரிந்த கதைதான்.

குளிர்கடலுக்கென்று செய்த உடம்பு கபிலைக்கு வந்தால் சில தொல்லைகளும் கூட வரும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும், ஆகவே வேன்காரர் ஒரு துண்டுப் பஞ்சோடுதான் வருகிறார். அதிகம் நீந்தினால் வால் இரண்டு மூன்று நாள் செத்தது போல் தொங்கும். அதைப் பார்த்து எலும்பு முறிந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. குளிர்நாடுகளில் இது அதிகம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பசிக்கோ எல்லையே இல்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியடக்கும் மரபணு ஒன்றில் சிறு துண்டு குறைவதைக் கண்டார்கள். பனிக்கடலில் வலை இழுத்த மூதாதைக்கு அந்தப் பெருந்தீனி உதவியிருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம். நஞ்சன்கூட்டில் அதனால் புளியோதரைப் பொட்டலங்களுக்குத்தான் ஆபத்து.

கரையேறியதும் உதறுகிற உதறலுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நனைந்த லாப்ரடார் ஒரு நொடிக்கு நாலைந்து முறை உடம்பைச் சுழற்றுகிறது. சுண்டெலி முப்பது முறை போலச் சுழற்ற வேண்டியிருக்கிறது. உடம்பு சிறுத்தால் வேகம் கூட வேண்டும். பாட்டியின் புடவையை நனைத்தது அந்த நாலைந்து முறைதான்.

மூலநாயான செயின்ட் ஜான்ஸ் நாய் என்ன ஆயிற்று? தீவில் ஆடு வளர்க்க நினைத்த அரசுக்கு நாய்கள் இடைஞ்சல். ஆளுநர் எட்வர்ட்ஸ் 1780-லேயே வீட்டுக்கு ஒரு நாய் போதும் என்று கட்டுப்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் ஆடுகளைக் காக்கச் சட்டமும் நாய் வரியும் வந்தன, இங்கிலாந்தும் வெளிநாட்டு நாய்களை நிறுத்திவைத்துச் சோதிக்கத் தொடங்கியது. 1980-ஐ ஒட்டி ஒரு அமெரிக்க எழுத்தாளர் தேடிப் போனபோது, கிராண்ட் பிரிட் என்ற, சாலையே இல்லாத மீனவ ஊரில் இரண்டே இரண்டு நாய்கள் இருந்தன. மார்பில் வெள்ளைத் திட்டு உள்ள கறுப்புக் கிழங்கள், இரண்டும் ஆண், அண்ணன் தம்பி. அவற்றோடு அந்த வழி முடிந்தது. 1992-இல் மீன் வற்றிப்போய்க் கனடா அரசு காட் மீன்பிடிப்பையே நிறுத்தியது. 2010-இல் கிராண்ட் பிரிட்டில் மிஞ்சியிருந்த சில குடும்பங்களும் அரசுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைக் காலிசெய்தன.