காமன் கூத்துப் பார்க்கப் போனோம்

எங்கள் பெண்களிடம் ‘முகாம்’ என்று சொன்னால் எவரும் உல்லாசப் பயணத்தை நினைப்பதில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் 2024 ஆம் ஆண்டு மாசியில், எமது சேமிப்புக் குழுவுக்கு ஒரு நிறுவனத்திடமிருந்து ‘மலையகத்தில் வார இறுதி முகாம், கூடாரத்தில் தங்கல்’ என்று கடிதம் வந்தபோது, புதுக்குடியிருப்பு அக்கா அதை வாசித்துவிட்டு மடித்து என் கையிலேயே தந்தார்.

“பிள்ளை, தறப்பாளுக்குக் கீழ படுக்கிறதுக்கு பஸ் பிடிச்சுப் போறதோ? அதெல்லாம் நாங்கள் படுத்து முடிச்சிட்டம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் பெயர் தரவில்லை.

முதலில் பெயர் தந்தது பாரதிபுரம் தங்கைதான். அவருடைய தாய் தகப்பன் 1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு வெளியேறி வன்னிக்கு வந்தவர்கள். கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவர், மலையை ஒருநாளும் கண்டதில்லை. கடிதத்தின் அடியில் ‘காமன் கூத்து’ என்று இருந்ததைக் கண்டுவிட்டார். “அம்மா சாகும்வரைக்கும் இந்தக் கூத்தைப் பற்றித்தான் சொல்லுவா மிஸ். நான் போறன்” என்றார். எங்கள் குழுவில் அவர் அதிகம் கதைப்பவர் அல்லர். ‘தோட்டக்காட்டார்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் எங்கள் மத்தியில் இருந்தது, இப்போதும் முற்றாகப் போய்விட்டதென்று என்னால் எழுத முடியாது. அவர் பெயர் தந்த பின்னர் ஒவ்வொருவராகச் சேர்ந்து பதினொரு பேரானார்கள்.

வெள்ளி இரவு கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டோம். தம்புள்ளை கடந்து, மாத்தளையை அண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து இந்த மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே விழுந்தவர்கள் கணக்கில்லை. 2023 இல் இருநூறு ஆண்டு நினைவாகப் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் நடந்தார்கள். இதைப் பஸ்ஸில் சொன்னபோது, “நடக்கிறதெண்டால் எங்களிட்டக் கேக்கட்டும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நாங்கள் தங்கியது ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், பாடசாலை மைதானத்தின் ஓரமாக. கூடாரம் நான்கு, ஆளுக்கொரு கம்பளி. (நான் முதலில் பார்த்தது மலசலகூடத்தைத்தான். கதவும் கொண்டியும் தண்ணீரும் இருந்தன. பெண்களை எங்கே அழைத்துச் செல்வதென்றாலும் இதை முதலில் விசாரிக்க வேண்டும். இது இல்லாமல் எந்த ‘ஆற்றுப்படுத்தலும்’ நடக்காது.) கூடாரம் அடிக்கச் சொல்லித்தர ஓர் இளைஞர் வந்திருந்தார். அவர் பையைத் திறக்கும் முன்னரே எங்களுடையவர்கள் இரண்டை நிமிர்த்திவிட்டார்கள். புதுக்குடியிருப்பு அக்கா எங்கோ ஒரு மண்வெட்டி வாங்கி வந்து நாலு பக்கமும் வாய்க்கால் வெட்டினார். “இப்ப மழை இல்லீங்க அம்மா” என்று அந்தத் தம்பி சொன்னார். “எங்களுக்கும் அண்டைக்கு அப்பிடித்தான் சொன்னவை” என்று அக்கா வெட்டிக்கொண்டே இருந்தார்.

மாலையில் லயத்துப் பெண்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார்கள். காலை முழுதும் கொழுந்தெடுத்துவிட்டு, பீலியில் குளித்து, தலை ஈரம் காயாமல் வந்திருந்தார்கள். அவர்கள் கதைப்பது எங்களுடையவர்களுக்கும், எங்களுடையவர்கள் கதைப்பது அவர்களுக்கும் முதல் அரை மணித்தியாலம் சிரிப்பாக இருந்தது. பாரதிபுரம் தங்கை நடுவில் இருந்து இருபக்கமும் கதைத்தார். அன்று முழுவதும் எல்லோரும் எதற்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

மலையகத்தின் பெரிய கூத்துக்களில் காமன் கூத்தும் ஒன்று. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்பன மற்றவை. மாசி அமாவாசை கழிந்து, மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் நடுவார்கள். அதன்பின் இரவுகளில் பாட்டும் ஆட்டமும் நடக்கும், முடிவில் ஓர் இரவு விடிய விடியக் கூத்து. தோட்டத்துக்குத் தோட்டம் நாட்கணக்குச் சற்று வேறுபடும். ரதியாகவும் மதனாகவும் ஆடுபவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். வேடம் கட்டுவது பெரும்பாலும் ஆண்களே. அங்கே ரதியாக ஆடியவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவர், கூத்துக்கென்றே லீவு போட்டு வந்திருந்தார்.

இருட்டியதும் தப்பு அடிக்கிறவர்கள் சருகு கூட்டி நெருப்பு மூட்டி, தோலைக் காய்ச்சினார்கள். சூடு ஏற ஏறத்தான் சத்தம் கணீரென்று வரும். முதல் அடி மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது எங்களில் இரண்டு பேர் எழும்பி நின்றுவிட்டார்கள். ஒருவர், “ஆற்ற செத்தவீடு?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் பறை கேட்டால் முதலில் வரும் நினைப்பு அதுதானே. பாரதிபுரம் தங்கை, “இது தூதன் வாறதுக்கு அடிக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேற அடி இருக்கு” என்றார். தாயிடம் கேட்டு வைத்திருந்ததை மடியில் தட்டிக் காட்டினார்.

புதுக்குடியிருப்பு அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். “அவரை நான்தான் பிள்ளை, பங்கருக்குள்ள வச்சு மூடினனான். ஒரு தேவாரம் இல்லை, ஒரு பறை இல்லை.”

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்க வரும்படி மன்மதனுக்குத் தூது வருகிறது. ரதி கெட்ட கனவு கண்டு, போக வேண்டாமென்று மறிக்கிறாள். அவன் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. எரிந்து போகிறான். இந்த மறிக்கிற இடம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீண்டது. அவள் ஒரு நியாயம் சொல்ல அவன் ஒரு நியாயம் சொல்ல, பாட்டிலேயே தர்க்கம். எங்களுடையவர்கள் வெளிப்படையாக ரதியின் பக்கம் நின்றார்கள். “விடாத, விடாத” என்று பின்னாலிருந்து சத்தமே வைத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்து, பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எரிந்த பின் ரதியின் புலம்பல். தலையில் இருந்த பூவைக் கழற்றினார்கள். அந்தக் கொழும்புக் கடைத் தம்பி நிலத்தில் இருந்து, மார்பில் அடித்துப் பாடத் தொடங்கினார். மீசை மழித்த முகத்தில் மை கரைந்தோடியது. ஓர் ஆண் அழுகிறார் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், எங்களுடையவர்களும்தான். மறைப்பதற்கு யாரும் முந்தானையைத் தேடவில்லை. துர்க்கைமைச் சொல்லித்தந்த விரிவுரைகளில் ‘கூட்டு உணர்வெழுச்சி’ என்று எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கியவள் நான். அந்த இரவில் அந்தச் சொற்றொடர் எனக்கு நினைவுக்கு வரவில்லை, பஸ்ஸில் திரும்பும்போதுதான் வந்தது.

விடிவதற்கு முன் குளிர் எலும்பைத் தொட்டது. கூடாரத்துக்குப் போகாமல் தப்புக் காய்ச்சிய நெருப்பைச் சுற்றியே இருந்தோம். பேச்சோடு பேச்சாக, தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று வாதாடுவார்கள் என்று சொன்னேன்.

“அப்ப நான் எரியாத கட்சி” என்றார் விசுவமடு தங்கை.

அவர் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் கணவரைக் கையளித்தவர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் மாதக்கணக்காக இருந்தவர். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாமென்று 2016 இல் சட்டம் வந்தது. அவர் இரண்டையும் எடுக்கவில்லை. பொட்டை அழிக்கவுமில்லை. இதைப் பற்றி ஊரில் கதைப்பவர்கள் உண்டு, எங்கள் குழுவுக்குள்ளும் உண்டு.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. புதுக்குடியிருப்பு அக்கா நெருப்பைக் கிளறிவிட்டு, “நான் எரிஞ்ச கட்சி. கண்ணால கண்டனான்” என்றார். பிறகு, “நீ உன்ர கட்சியிலயே இரு பிள்ளை” என்று சொல்லி, தன் கம்பளியின் ஒரு பாதியை விசுவமடு தங்கையின் தோளில் போட்டார். ஏழெட்டு வருடமாக ஒரே குழுவில் இருப்பவர்கள் இருவரும். அவர்கள் இதைப்பற்றித் தங்களுக்குள் கதைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு பகல் தூங்கி எழும்பி, கூடாரங்களைக் கழற்றினோம். அப்போதுதான் லயத்துப் பெண் ஒருவர், கூத்து இன்னும் முடியவில்லை என்றார். மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பிப்பார்களாம். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். மூன்றாம் நாள் என்றால் செவ்வாய். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குத் தையற்கடை, இருவருக்கு மாடு. தங்க வழியில்லை. விசுவமடு தங்கை அந்தப் பெண்ணின் ரெலிபோன் இலக்கத்தை வாங்கித் தன் கொப்பியில் எழுதினார்.

செவ்வாய் இரவு அவர் அழைத்ததாகவும், அந்தப் பக்கம் தப்புச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றும், ஆனாலும் காசு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்ததாகவும் அடுத்த கூட்டத்தில் சொன்னார். அதே கூட்டத்தில், அடுத்த மாசிக்கென்று ஆளுக்கு மாதம் 300 ரூபா தனியாகப் போடுவதென்று தீர்மானித்தோம். இந்தமுறை ஐந்து நாள். கணக்குப் புத்தகம் பாரதிபுரம் தங்கையிடம் இருக்கிறது.