பாட்டியின் வெற்றிலைக் கத்திக்குப் பெயர் சொன்னவர்களுக்கு

சுவடி நூலகத்தில் பணிசெய்யும் அம்மாவுக்கும், கொல்லுப்பட்டறைப் பெரியவருக்கும்,

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஒரே பொருளை இருவர் கையிலும் மாறி மாறிக் கொடுத்து, நடுவில் அலைந்தவள் நான். உங்களிடம் தனித்தனியே நன்றி சொல்லியும் மனசு நிறையவில்லை. பெயர் தெரியாத பழம்பொருளைப் பரணில் வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இதை எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

அந்தக் கத்தி எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் கிடந்தது. மூன்று அங்குலப் பித்தளைப் பிடி, அதற்குள் மடங்கும் இரும்பு அலகு. அதை வைத்துத்தான் பாட்டி காம்பை அறுப்பார், ஊறிய பாக்கைச் சீவுவார். எங்களுக்கு அது வெற்றிலைக் கத்தி. பாட்டி போன பிறகு செல்லம் என் பங்குக்கு வந்தபோது அலகு துருவேறி, பாதி திறந்தபடி நின்றுபோயிருந்தது.

பழம்பொருள் கடையில் ஒருவர் அதை வைத்தியர் கத்தி என்றார். இன்னொருவர் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். நானும் புளியைக் கரைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். போடுவதற்கு முன் ஒரு வார்த்தை யாரையாவது கேட்போமே என்று தோன்றியது நல்லவேளை.

அம்மா, கத்தியைச் சுற்றி உங்கள் நூலகத்துக்குக் கொண்டுவந்த கைக்குட்டையை நான் பிரித்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “இன்னும் தேய்க்கலையே?” என்பதுதான். இல்லை என்றதும் உங்கள் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் கண்ணில் நிற்கிறது. பிடியைத் திருப்பி, அலகுக்கு எதிர்ப்புறம் அழுக்கடைத்த கோடு ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். “இந்தப் பக்கம் இன்னொண்ணு மடங்கிக் கிடக்கு. இது வெற்றிலைக்குச் செய்தது இல்லம்மா, ஓலைக்குச் செய்தது.”

அன்றுதான் மடக்கெழுத்தாணி என்ற சொல்லைக் கேட்டேன். கொண்டை கனத்த குண்டெழுத்தாணி, தலைப்பில் கத்தியோடு நீண்டிருக்கும் வாரெழுத்தாணி, பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி என்று எழுத்தாணியில் இத்தனை வகை உண்டு என்பதும், உ.வே. சாமிநாதையர் அவற்றை எழுதி வைத்திருக்கிறார் என்பதும் நீங்கள் சொல்லித் தெரிந்தது. சிலவற்றில் ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் எழுத்தாணி. ஓலையை அளவாக நறுக்கி ஓரம் வாருவதற்குக் கத்தி. எழுத்தைக் கீறுவதற்கு எழுத்தாணி. ஒரு வெற்று ஓலையை எடுத்து, இடக்கைப் பெருவிரலால் அதைத் தள்ளித் தள்ளி எழுதும் விதத்தை நடித்தே காட்டினீர்கள். கீறிய பிறகு விளக்குக்கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால்தான் எழுத்து கறுப்பாகத் தெரியும் என்றீர்கள்.

சிவப்புத் துரு இரும்பை அரித்துக்கொண்டே போகும், அதை எடுத்துவிட வேண்டும். அடியில் இறுகப் படிந்த கறுப்பைத் தொடக்கூடாது. பித்தளையின் மங்கலும் அப்படியே இருக்கட்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளோடுதான் பட்டறைக்குப் போனேன்.

பெரியவரே, தாளை வாங்கிப் படித்துவிட்டு, “சொன்னவங்க விஷயம் தெரிஞ்சவங்க” என்று மட்டும் சொன்னீர்கள். நெருப்பில் காட்டினால் சீக்கிரம் விடுமா என்று கேட்டேன். “விடும். இரும்போட பதமும் சேர்ந்து போயிடும்” என்றீர்கள். மடக்கைப் பிணைத்த ஆணியைத் தட்டி எடுக்கவும் உங்களுக்கு மனம் வரவில்லை. எண்ணெயில் ஊறப்போட்டீர்கள். நாளுக்கொரு முறை எடுத்து, மூங்கில் சிம்பால் இடுக்கைச் சுரண்டி, மறுபடி எண்ணெயில் போட்டீர்கள். இரும்புக் கம்பி கொண்டு சுரண்டினால் பித்தளையில் கீறல் விழுமாம். பதினோராம் நாள் கூப்பிட்டனுப்பினீர்கள். “அசைவு கொடுத்துடுச்சு. திறக்கிறது நீங்க திறங்க” என்று என் கையில் வைத்தீர்கள்.

நகத்தைக் கொடுத்து நெம்பினேன். மணல் அரைபடுவது போல் ஒரு சத்தம். பிறகு அது மெல்ல எழுந்து வந்தது: ஈர்க்குச்சியைவிடச் சற்றுத் தடித்த இரும்பு, நுனி வரவரச் சிறுத்து, ஊசியளவு கூராகாமல் நின்றது. ஓலையைக் கீற வேண்டும், பொத்துவிடக் கூடாது; அதற்கான கூர். நாள்தோறும் பாட்டியின் கை பட்ட அலகு அவர் இருந்தவரை இறுகாமல் இருந்தது. யாரும் தொடாத எழுத்தாணி உள்ளேயே பூட்டிக்கொண்டுவிட்டது.

கூலியாக நீங்கள் கேட்ட தொகை எண்ணெய்க்கும் காணாது. அதை இங்கே சொல்லாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது.

மறுபடி நூலகத்துக்கு வந்தேன். அம்மா, நீங்கள் அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தீர்கள். பிடியில் வெறும் கீறல் என்று நாங்கள் நினைத்திருந்தது நிழல் விழுந்து எழுத்தானது. “கணககு.” எனக்குப் பொருள் புரியவில்லை. “ஓலையில எழுதுறவங்க புள்ளி வைக்க மாட்டாங்க. ஓலை கிழிஞ்சுடும். அந்தப் பழக்கத்துலயே இங்கயும் எழுதியிருக்காங்க. புள்ளியை நீங்க வச்சுப் படிங்க.”

கணக்கு.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை வீடு என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் அந்தப் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டது. எங்கள் குடும்பத்தை விட்டு அதற்கு முன்பே போய்விட்டது. பாட்டியின் தாத்தா ஊர்க்கணக்கு எழுதியவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் கையில் இருந்தது பாட்டியின் கைக்கு வந்து, வெற்றிலை நறுக்கியிருக்கிறது.

அப்போது எனக்குப் பாட்டிமேல் ஒரு குறை தோன்றியது உண்மை. எழுத்தாணியைப் போய்ப் பாக்குச் சீவ வைத்துக்கொண்டாரே என்று. நீங்கள் அலகைக் காட்டினீர்கள். அதன் கறுப்பில் ஒரு பங்கு பாக்கின் துவர்ப்பு இரும்பில் பட்டு ஏறியது, அதனால்தான் தொடவேண்டாம் என்று எழுதினேன் என்றீர்கள். புளியில் போட்டிருந்தால் அலகு பளபளத்திருக்கும். பாட்டி போயிருப்பார்.

இப்போது அது மெல்லிய மெழுகுப் பூச்சோடு, பருத்தித் துணியில், ஈரம் படாத பெட்டியில் இருக்கிறது. பெயர்ச் சீட்டில் என்ன எழுதுவது என்று உங்களைத்தான் கேட்டேன். நீங்கள் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்: “மடக்கெழுத்தாணி. பின்னாளில் வெற்றிலைக் கத்தி.”

இரண்டு வரியையும் விட்டுவைத்த உங்கள் இருவர் கைகளுக்கும் என் வணக்கம்.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பேத்தி