பிரெட்டன் உட்ஸ் மாளிகை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வாஷிங்டன் மலைக்கு மேற்கே, பிரெட்டன் உட்ஸில், வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக நிற்கிறது மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டல். நிலக்கரியில் பெரும்பணம் சேர்த்த ஜோசப் ஸ்டிக்னி, கட்டடக் கலைஞர் சார்லஸ் ஆலிங் கிஃபோர்டைக் கொண்டு எழுப்பிய மாளிகை. இத்தாலியக் கைவினைஞர்கள் 250 பேர் உழைத்தார்கள். 1902 ஜூலையில் திறந்தது. அடுத்த ஆண்டே ஸ்டிக்னி காலமானார்.

பாஸ்டன், நியூயார்க் பணக்காரர்கள் குடும்பத்தோடு ரயிலேறி வந்து கோடையை அங்கே கழித்தார்கள். மாளிகையைச் சுற்றி ஓடும் அகன்ற வராந்தா அவர்களுக்காகவே அமைந்தது: நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மலை கண்ணெதிரே. பிறகு கார் வந்தது, பெருமந்தம் வந்தது, போர் வந்தது. 1942இல் கதவை அடைத்தார்கள்.

பூட்டிக் கிடந்த மாளிகைக்குத்தான் சரித்திரம் தேடி வந்தது. போருக்குப் பிந்தைய உலகப் பொருளாதாரத்தைத் திட்டமிட, 1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் சுமார் 730 பேர் கூட வேண்டியிருந்தது. தலைநகர் வாஷிங்டனின் ஜூலை வெக்கை பிரிட்டன் குழுவின் தலைவரும் இதய நோயாளியுமான பொருளியலாளர் கெய்ன்ஸுக்கு ஆகாது; இந்த மலையடிவாரமோ குளுகுளுவென்றிருக்கும். அவசர அவசரமாகப் பழுதுபார்த்துத் திறந்தார்கள். மூன்று வாரப் பேச்சில் சர்வதேச நிதியமும் உலக வங்கியும் உருவாயின. டாலரின் மதிப்பு தங்கத்தோடு பிணைந்தது. ஒரு அவுன்ஸ் 35 டாலர்.

நம்மவர்கள் அங்கே நடத்திய வாதத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அடிமை நாடான இந்தியாவின் குழுவுக்குத் தலைவர் ஜெரமி ரைஸ்மன் என்ற ஆங்கிலேயர். உடன் போனவர்கள் சி.டி. தேஷ்முக், ஏ.டி. ஷ்ராஃப், கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். இந்தியாவிடம் வாங்கிய போர்ச் சரக்குக்கும் செலவுக்கும் பிரிட்டன் தர வேண்டிய பாக்கி லண்டனில் ஸ்டெர்லிங் கணக்காக முடங்கிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியையாவது மற்ற நாணயங்களாக மாற்றிக்கொள்ள நிதியம் வழிசெய்ய வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் இடம் கொடுக்கவில்லை. பட்டினியில் வங்கம் லட்சக்கணக்கில் மாண்டதற்கு மறு ஆண்டு அது. அந்த மறுப்பை வெறும் கணக்கு வழக்காக என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றே ஆண்டில், 1947 நவம்பர் 26 அன்று, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் அதே சண்முகம் செட்டியார்.

அந்த மலைப்பகுதியின் பெரிய மர ஹோட்டல்களில் புரொஃபைல் ஹவுஸ் 1923இலும், கிராஃபோர்ட் ஹவுஸ் 1977இலும் தீக்கிரையாயின. இரும்புச் சட்டத்தில் எழுந்த இந்த மாளிகை தப்பியது. 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. கோடையில் மட்டுமே இயங்கிவந்தது, 1999இல் பனிக்காலத்துக்கும் திறந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான தங்க அறையை இன்றும் பேணி வருகிறார்கள்.