அப்பா தொட்டுப் பார்த்த மீன்

மூன்று மாதம் சேர்த்த பணத்தில் ஒரு மீன் வாங்கினேன். தேக்கா சந்தையில் அல்ல. ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்தது. எழுத்தாளர் குந்தர் கிராஸ் செம்புத் தகட்டில் வரைந்து அச்சிட்ட படம்.

1999இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். இளமையில் கல்தச்சு வேலை பழகி, பிறகு சிற்பமும் வரைகலையும் படித்தவர். 1986இல் கல்கத்தாவில் சில மாதங்கள் தங்கியபோதும் எழுதியதோடு வரைந்தும் வைத்தார். நத்தை, எலி, மீன் என அவர் கதைகளில் வருபவை படங்களிலும் வரும்.

படத்தின் கீழே பென்சிலில் கையெழுத்து. 47/150 என்ற எண். அதாவது, 150 பிரதிகளில் இது 47ஆவது.

"ஒரு தாளுக்கா இவ்வளவு காசு?" என்று அம்மா கடிந்துகொண்டார். வீட்டுக் கடன் இருக்கிறதே! எனக்கும் உறுத்தியது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் உழைத்தவர். கணினி வந்ததும் வேலை போனது. அதன்பின் அச்சுத் தொழிலைப் பற்றி வீட்டில் அவர் பேசியதே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, படத்தைச் சுற்றியிருந்த பள்ளத்தில் விரலை மெல்ல ஓட்டினார்.

"தகடு அழுந்தின தடம் தெரியுதாம்மா? தாளை நனைச்சு அடிச்சாத்தான் இப்படி விழும். அடிக்க அடிக்கத் தகடு தேயும். அதான் எண்ணிக்கையோட நிறுத்திடறாங்க."

அன்றிரவு வெகுநேரம் தம் அச்சகக் கதைகளைச் சொன்னார். அம்மாவும் உட்கார்ந்து கேட்டார்.

படத்துக்கு இன்னும் சட்டம் போடவில்லை. கண்ணாடி வந்துவிட்டால் அப்பா தொட முடியாதே!