சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவது?

போடிநாயக்கனூரில் வக்கீல் தொழில் செய்கிறவனுக்கு ஏலக்காய் முன்பண வழக்கு பழகிய சரக்கு. மலையில் தோட்டம் வைத்திருப்பவருக்கு உரம், மருந்து, கூலி என்று காய் வருவதற்கு முன்பே பணம் வேண்டும். கீழே போடியில் கடை வைத்திருப்பவர் அதைக் கொடுப்பார். பச்சைக்காயாகவோ ஸ்டோரில் உலர்த்திய காயாகவோ சரக்கு இறங்க இறங்கக் கழித்துக்கொள்வார். பத்திரம், ஒப்பந்தம் என்று எதுவும் பெரும்பாலும் இருக்காது. கடையில் பேரேடு இருக்கும், தோட்டக்காரர் சட்டைப்பையில் எடைச்சீட்டு இருக்கும். விலை சீராக இருக்கும்வரை இவ்வளவே போதும்.

2019இல் விலை சீராக இல்லை. முந்தைய ஆண்டு கேரள வெள்ளம், அடுத்து வறட்சி, காய் குறைந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி கேரளப் பக்கம் உள்ள புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலையை நம்பி முன்பணம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் மலை முழுக்க இருந்தார்கள். இரண்டே ஆண்டில் விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. அதன் பிறகு எங்கள் அலுவலகங்களில் கூட்டம்.

என் கட்சிக்காரர் அப்பா காலத்திலிருந்து போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். பிரதிவாதி பூப்பாறைப் பக்கம் தோட்டம் உள்ளவர். கொடுத்த முன்பணத்தில் வந்த காயைக் கழித்து மீதி வேண்டும் என்பது எங்கள் வழக்கு. சில முன்பணங்கள் என் கைக்கு வரவே இல்லை, நான் இறக்கிய பச்சைக்காயைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது எதிர்வழக்குரை. தோட்டம் கேரளத்தில் இருந்தாலும் பணம் கைமாறியது போடியில். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 20படி வழக்கை இங்கேயே போட முடிந்தது. அதுவரை சிக்கல் இல்லை.

பேரேட்டைக் கொண்டுவாருங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாள்களைக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்தார்.

"இது எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தது?"

"கம்ப்யூட்டர் இல்ல சார், க்ளவுட்."

"அது யாருக்குச் சொந்தம்?"

அவர் தம்பி மகனைப் பார்த்தார். அந்தப் பையன் தரையைப் பார்த்தான்.

கதை இதுதான். முன்பு கடையில் ஒரே கம்ப்யூட்டர், அதில் கணக்கு மென்பொருள், இரவில் பென்டிரைவில் ஒரு நகல். 2017இல் ஜிஎஸ்டி, 2018இல் இ-வே பில் என்று வந்ததும், மலை மேல் எடை போடுகிற இடத்திலிருந்தே செல்போனில் கணக்கு ஏற்ற வேண்டிய தேவை வந்தது. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த தம்பி மகன் மூன்று வழிகளை விசாரித்திருக்கிறான். பழைய மென்பொருளையே வாடகை சர்வரில் ஏற்றி எங்கிருந்தும் பயன்படுத்துவது ஒன்று. மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரிப் பெரிய நிறுவனத்தில் சொந்தப் பெயரில் இடம் பிடித்து, ஆள் வைத்து நடத்துவது இன்னொன்று. கமிஷன் கடைகளுக்கென்றே ஒரு சிறு நிறுவனம் தயாரித்திருந்த சந்தா மென்பொருள் மூன்றாவது. கடைசியானதில் தமிழில் சீட்டு அச்சாகும், மாதச் சந்தாவும் குறைவு. அதிலும் ஆகக் குறைந்த சந்தாத் திட்டத்தை எடுத்தார்கள்.

இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய நிறுவனத்து சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போடிக் கடையில் ஆள் ஏது? வேலைக்கு எது எளிதோ அதைத்தான் வியாபாரி எடுப்பார். ஆனால் எடுக்கும்போது விலையைக் கேட்டார்கள், வசதியைக் கேட்டார்கள், விட்டுவிட்டுப் போகும் நாளில் கையில் என்ன கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. சில வருடம் கழித்துச் சந்தாவை ஏற்றிய கோபத்தில் அதைவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். மாறும்போது எடுத்து வந்தது பேரேடும் நிலுவைத் தொகைகளும் மட்டும். வழக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். வழக்கு 2024 ஜூலைக்கு முன்பே நடந்துகொண்டிருந்ததால் பழைய சாட்சியச் சட்டம்தான் பொருந்தியது. அதன் 34ஆம் பிரிவு, தொழிலில் ஒழுங்காக எழுதிவரும் கணக்கைச் சாட்சியமாக ஏற்கும். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது என்றும் சொல்லும். ஜெயின் ஹவாலா வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் உதிரித் தாள்களைக் கணக்குப் புத்தகமாகவே ஏற்க மறுத்ததை எங்கள் பக்கத்து வக்கீல்கள் யாரும் மறக்கவில்லை. அதற்கு மேல் 65-பி. கம்ப்யூட்டரில் இருந்து வந்த அச்சுத்தாள் என்றால், அந்தக் கம்ப்யூட்டரை நடத்தும் பொறுப்பில் உள்ளவர் சான்றிதழ் தர வேண்டும். 2014இல் அன்வர் வழக்கிலும், 2020 ஜூலை 14இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது. சொந்த மடிக்கணினி என்றால் உரிமையாளரே அதைக் கூண்டுக்குக் கொண்டுவந்து காட்டலாம். கொண்டுவர முடியாத அமைப்பு என்றால் சான்றிதழ் கட்டாயம். எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் சர்வரை எந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருவது?

அச்சுத்தாள்கள் எதிர்த்தரப்பின் ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிடப்பட்டன. குறுக்கு விசாரணைக்கு எழுந்த எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாதவர். அந்த வகை வக்கீலிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"இந்தக் கணக்கை எப்ப வேணும்னாலும் திருத்தலாமா?"

"பாஸ்வேர்டு இருக்கிறவங்க திருத்தலாம்."

"திருத்தினா தெரியுமா?"

"தெரியும் ஐயா. யார், எப்ப மாத்தினாங்கன்னு எடிட் லாக் இருக்கும்."

"அந்த லாக்கைத் தாக்கல் பண்ணியிருக்கீங்களா?"

பதில் இல்லை. அவர் மேசையிலிருந்து ஜிஎஸ்டி விதிகளை எடுத்தார். விதி 56(8): கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் லாக் வைத்திருக்க வேண்டும். விதி 57: அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் 36ஆம் பிரிவு: ஆண்டறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டும். வரித்துறைக்காக எழுதிய விதிகளைக் கடன் வழக்கில் எடுத்தது சாமர்த்தியம். சட்டம் வைத்திருக்கச் சொன்னதை வைத்திருக்கவில்லை என்றால், அது வந்தால் உனக்குப் பாதகம் என்றுதானே அர்த்தம் என்று சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவுக்குப் பாதை போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு சம்மன் கேட்டு மனுப் போட்டேன். சான்றிதழைத் தர வேண்டியவர் தராவிட்டால் கோர்ட்டே தருவிக்கலாம் என்று கோத்கர் தீர்ப்பில் வழி இருக்கிறது. நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. சந்தா முடிந்த கணக்குகளைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து அழித்துவிடுவோம், நீங்கள் எடுத்த திட்டத்தில் எடிட் லாக் ஓராண்டுக்கு மட்டும்தான், நிபந்தனைகளைப் பார்க்கவும். பார்த்தேன். எல்லாம் உண்மை, தம்பி மகன் 'சம்மதம்' என்று அழுத்தியிருக்கிறான். எந்தத் தகராறு என்றாலும் அவர்கள் ஊர் கோர்ட்டில்தான், எவ்வளவு நஷ்டம் என்றாலும் பொறுப்பு ஓராண்டுச் சந்தாத் தொகை அளவுக்குத்தான் என்றும் அதிலேயே இருந்தது. அவர்கள் மேல் வழக்குப் போடலாமா என்று கட்சிக்காரர் கேட்டார். வக்கீலுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கே அந்தத் தொகை போதாது என்றேன்.

அந்த லாக் கிடைத்திருந்தால் எங்களுக்கு முழுக்கச் சாதகமாக இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மழைக்காலத்தில் சாந்தன்பாறை, பூப்பாறைப் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். எடை போட்டவர் நோட்டில் குறித்துக்கொண்டு, போடிமெட்டிலிருந்து 17 வளைவு இறங்கி வந்து, இரவில் மொத்தமாக ஏற்றுவார். பகலில் போட்ட எடை இரவு ஒன்பது மணிக்கு வரிசையாக ஏறியிருந்தால் எதிர்த்தரப்பு சும்மா விடுமா? ஆனால் அதற்கு விளக்கம் சொல்லிச் சமாளித்திருக்கலாம். இல்லாத லாக்குக்கு என்ன விளக்கம் சொல்வது?

இதே வழக்கில் வேறு இரண்டு கம்ப்யூட்டர் கணக்குகள் எந்தச் சலசலப்பும் இல்லாமல் உள்ளே வந்தன. ஒன்று வங்கிக் கணக்கு. அதுவும் எங்கோ ஒரு சர்வரில்தான் இருக்கிறது. ஆனால் 1891ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தில், கம்ப்யூட்டர் அச்சுக்கு யார் என்ன சான்று தர வேண்டும் என்று பிற்பாடு 2-ஏ பிரிவு சேர்த்திருக்கிறார்கள். கேட்டதும் மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்னொன்று உலர்ந்த காய் ஏலத்துக்குப் போன கணக்கு. ஸ்பைசஸ் போர்டு போடியிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடத்துகிறது. கொரோனாவில் வியாபாரிகள் எல்லை தாண்ட முடியாமல் தவித்த 2021இல் அதையே க்ளவுடுக்கு மாற்றி, இரு மையங்களிலும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும்படி செய்தது. லாட் எண், எடை, விலை எல்லாம் உரிமம் பெற்ற ஏல நிறுவனத்தின் பில்லில் இருக்கிறது. எங்கள் பேரேடும் எதிரியின் சீட்டும் அதோடு ஒத்துப்போயின. க்ளவுட் மேல் எனக்குக் கோபம் இல்லாததற்கு இதுவே காரணம். அந்த இரண்டு கணக்குகளுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆள் இருந்தது, எங்கள் பேரேட்டுக்கு இல்லை.

இப்போது கடைக்காரர்கள் எதை எடுக்கலாம் என்று என்னிடமும் கேட்கிறார்கள். மென்பொருளின் தரம் எனக்குத் தெரியாது, ஒப்பந்தம் தெரியும். வாடகை சர்வர் என்றால் தகவல் கோப்பு உங்களுடையது, தினமும் ஒரு நகலைக் கடைக்கு இறக்கிக்கொள்ளலாம், சான்றிதழில் உங்கள் கணக்கரே கையெழுத்துப் போடலாம். சாதாரணக் கடைக்கு என் ஓட்டு அதற்குத்தான். சந்தா மென்பொருள்தான் வசதி என்றால் எடுங்கள். ஆனால் லாக்கோடு முழுக் கணக்கையும் மாதாமாதம் இறக்கிக்கொள்ள முடியுமா, சந்தாவை நிறுத்திய பின் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், கேட்டால் சான்றிதழ் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தராத நிறுவனத்தை விடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பகுதி ஆகிவிட்டது. ஒன்று தாக்கல் செய்பவருடையது, இன்னொன்று நிபுணருடையது, கோப்பின் ஹாஷ் மதிப்போடு. வேலை கூடித்தான் இருக்கிறது.

பெரிய பெயரை நம்பினால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் எரிந்தது. நகலுக்கும் தனியாகக் காசு கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு அசலோடு நகலும் போனது. தனி இடத்தில் இருக்கும் என்று ஒப்பந்தம் சொன்ன நகல் அது. 2023இல் லீல் வணிக நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் நாட்டிலேயே 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. சந்தா முழுக்கக் கட்டியிருக்கிறோம் என்று அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. அவர்களுக்கு டெல்லியில் வக்கீல் படை இருந்தது.

எங்கள் வழக்கின் இறுதி வாதத்தில் நான் கோத்கர் தீர்ப்பைத்தான் பிடித்துக்கொண்டேன். ஜால்னா தேர்தல் வழக்கான அதில், சான்றிதழுக்காக முடிந்ததையெல்லாம் செய்தும் அதிகாரிகள் தராததால், அது இல்லாததை நீதிமன்றம் பொறுத்துக்கொண்டது. நாங்களும் சம்மன் வரை போனோமே என்றேன். அங்கே அதிகாரிகள் தர மறுத்தார்கள், இங்கே வாதியே கணக்கை அழிய விட்டுவிட்டு வந்து கேட்கிறார் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதி அதை ஏற்றார்.

வங்கி வழியாகப் போன முன்பணம் முழுவதற்கும், பிரதிவாதி ஒப்புக்கொண்ட ஏலக் கணக்கைக் கழித்து, வட்டியோடு டிக்ரி ஆனது. ரொக்கமாகக் கொடுத்த முன்பணம், செலவுத்தொகை இரண்டும் தள்ளுபடி. கூடுதல் பச்சைக்காய் இறக்கியதாகப் பிரதிவாதி சொன்னதும் நிரூபணம் ஆகவில்லை. மேல்முறையீடு வேண்டாம் என்று கட்சிக்காரர் சொல்லிவிட்டார். சொத்து கேரளத்தில் இருப்பதால் டிக்ரியை நிறைவேற்ற இடுக்கி மாவட்ட நீதிமன்றத்துக்கு மாற்றியிருக்கிறோம். நிறைவேற்று மனு அங்கே நிலுவையில் இருக்கிறது.